மூன்று கோட்டு ஜேர்சியும் ஆறுமுகமும்

ஆறுமுகம் போய்விட்டான்... அதிகாலை சுபஹுத் தொழுகை முடித்து எழுந்தபோது அவன் மகனின் அழைப்பு வந்தது.

கண்டிப் புடவைக் கடைகளில் அவனை 'முதலாளி' என்றுதான் அறிவார்கள். எனக்கு அவன் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் கப்டன். அவனுக்கு நான் 'நானா', எங்கள் சனத்தின் பேச்சில் அண்ணன். உலக யுத்தத்துக்கு முந்திய, முப்பதுகளின் கடைசிக் காலம்.

இருவருக்கும் தொண்ணூறு தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி இந்தப் போஸ்டைத் தட்டுகிறாள்.

இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்று ஓதி வளர்ந்தவன் நான். ஆயினும் அவன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது... அதை மறைத்து எழுதினால் இது அஞ்சலி ஆகாது, வெறும் உபசாரம்.

அதுவரை எங்கள் கழகத்தில் ஆளுக்கொரு நிறச் சட்டையில்தான் ஆடினோம். அந்த ஆட்டப் பருவத்தில் ஆறுமுகம் தன் தந்தையின் கடைத் துணியில் எல்லோருக்கும் ஜேர்சி தைத்து எடுத்து வந்தான். மாதிரியைச் சோக்குக் கட்டியால் வரைந்தவனும் அவனே.

கருநீலம்... நெஞ்சின் குறுக்கே வெள்ளை நாடாவால் தைத்த மூன்று கோடுகள்.

நான் மடவளையிலிருந்து பஸ் ஏறி வந்து ஆடுபவன். சென்டர் ஃபோர்வர்ட். கோல் அடிப்பது என் வேலை. ஜேர்சியை விரித்துப் பார்த்த கணமே கை நின்றுவிட்டது.

"என்னடா இது? நெஞ்சில திருநீறு பூசி வெச்சீக்கி?"

"கோடுதான் நானா! தூரத்துல இருந்து பாத்தாலும் நம்ம ஆளுன்னு தெரியணும்ல?"

"ரெண்டு போட ஏலாதா? நாலு போட ஏலாதா? மூணுதான் ஒனக்கு வந்திச்சா?"

எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன், கெலிஓயா ஜமால்தீன், அதற்குள் தன்னுடையதை உடுத்தே விட்டான். "எனக்குக் கோடுதான் வெளங்குது. ஒனக்கு மட்டும் வேறென்னமோ வெளங்குது. டொக்டருக்குக் கண்ணக் காட்டு!" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "இத நான் உடுக்க மாட்டன்" என்றேன்.

அப்போதுதான் தோன்றியதுபோல ஆறுமுகம் சொன்னான்: "கோல்கீப்பருக்கு வேற சட்டைதானே? மஞ்ச. கோடே இல்ல. நீ கோல்ல நில்லு நானா." பையிலிருந்து அதை எடுத்து நீட்டினான்.

எங்கள் கோல்கீப்பர் மலேரியாவில் படுத்திருந்தார், உண்மைதான். ஆனால் அவர் ஒல்லி மனிதர். அந்த மஞ்சள் சட்டையோ என் அகன்ற தோளுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது...

என் இடத்தில் சென்டர் ஃபோர்வர்டாக ஆடியது யார்? ஆறுமுகம்.

பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே ஆசிரியரிடம் செய்யுள் படித்தவர்கள் நாங்கள். எந்தச் சீரில் என் நா தடுக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். எந்தக் கோட்டைக் கண்டால் நான் விலகுவேன் என்பதா தெரியாமல் போயிருக்கும்?

இன்னொன்று. மற்றவர்களின் காற்சட்டைகள் தொடையோடு நின்றன. எனக்கு வந்தது மட்டும் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. நான் கேட்கவேயில்லை.

"தொட தெரிஞ்சா நீ வர மாட்டியே!" என்றான் சிரித்துக்கொண்டு.

வேறொருவன் என்றால் நன்றி சொல்லியிருப்பான். எனக்கோ அது தூண்டிலில் கோத்த புழுவாகத் தோன்றியது.

அந்தப் பருவம் நாங்கள் இறுதி ஆட்டம் வரை போனோம். போகம்பரை மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்துக்கென்று அவன் புது ஜேர்சி தைத்தான். வெறும் பச்சை, வெள்ளைக் கொலர், கோடு இல்லை. இப்போது அவன் ஆட்களே அவனைச் சீண்டினார்கள்: "என்ன ஆறுமுகம், எங்களப் பள்ளிவாசலுக்குக் கூட்டிட்டுப் போறியா?"

பழைய கோல்கீப்பரும் தேறி வந்திருந்தார். இனி என் இடம் எனக்குத்தான் என்று எண்ணிப் போனேன். அவன் என் கையில் வைத்தது... மறுபடியும் மஞ்சள்.

"இப்பதான் கோடு இல்லையே. எனக்குப் பச்சையத் தா."

"நீ கோல்ல நின்னாத்தான் நான் பயமில்லாம முன்னுக்குப் போவேன் நானா."

புடவை விற்கிற வாய். நம்புவதா?

நம்பாமலே உடுத்தினேன். ஒரே கோலில் வென்றோம். அடித்தவன் அவன். கடைசி நேரத்தில் எங்கள் கோலை நோக்கி வந்த பந்தைப் பாய்ந்து மறித்தவன் நான். கூட்டம் அவனைத் தோளில் தூக்கியது.

பின்னர் ஒவ்வொரு பெருநாளுக்கும் எங்கள் வீட்டுக்கு வருவான். ஒவ்வொரு பெருநாளும் நான் கேட்பேன்: "உண்மையச் செல்லு. அந்தக் கோடு தற்செயலாப் போட்டதா?"

"வட்டிலப்பம் இன்னும் கொஞ்சம் போடு நானா."

அதுதான் பதில்.

இன்று முற்பகல் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். தந்தைக்கு உடுத்த வேட்டி தேடி மகன் அலுமாரியைத் திறந்தான். அடித்தட்டில் ஒரு கருநீல ஜேர்சி.

கோடுகள் இல்லை. நெஞ்சில் மூன்று வரிசை ஊசித் துளைகள் மட்டும். யாரோ கோடுகளைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். ஒரு தடவையேனும் உடுத்திய அடையாளமும் இல்லை.

"அப்பா ஒல்லிதானே மாமா? இது யாரோடது?" என்றான் மகன்.

வாங்கி என் தோளில் வைத்துப் பார்த்தேன். தோள் தளர்ந்து போனாலும் அது என் அளவுதான்...

அப்படியானால் எனக்காகப் பிரித்திருக்கிறாய். எனக்குத் தரவுமில்லை, வீசவுமில்லை.

எப்போது பிரித்தாய் ஆறுமுகம்? நான் மறுத்த பிறகா? அல்லது அன்றே, பையில், அந்த மஞ்சளுக்கு அடியில் இதுவும் இருந்ததா?

இம்முறை வட்டிலப்பம்கூடக் கேட்கவில்லை.

வழக்கம்போல முன்னுக்குப் போய்விட்டாய்... போ. பின்னால் நான் நிற்கிறேன்.