நேப்பிள்ஸில் என்னை விட்டுவிட்டுப் போன பஸ்

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. லண்டனில் படிக்கும் மகனைப் பார்க்க நானும் கணவரும் கப்பலில் போனோம். வழியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பல்காரர் எங்களை இறக்கி, பஸ்ஸில் ஊர் காட்டினார்கள். ஒரு பெரிய தேவாலயத்தின் வாசலில், எங்கள் உருத்திரபுரம் கோயிலில் செய்வதுபோலச் செருப்பைக் கழற்றி வைத்தேன். திரும்பி வந்தால் செருப்பில்லை. தேடிவிட்டு நிமிர்ந்தால் பஸ்ஸும் இல்லை. என் கணவர் எப்போதும் முன்னே நடப்பவர். திரும்பிப் பார்க்கும் வழக்கமில்லை. அன்றும் முன் ஆசனத்தில் ஏறிப் போய்விட்டார்.

தூரத்தில் தெரிந்த கப்பலைக் குறிவைத்து, கொதிக்கும் கல்வீதியில் வெறுங்காலோடு ஓடினேன். ஏணியை எடுக்கப்போகும் நேரத்தில் ஏறினேன். அவர் மேல்தளத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“நீர் பின்னாலை வாறீர் எண்டெல்லோ நினைச்சனான்” என்றார்.

“திரும்பிப் பாத்தா கழுத்துச் சுளுக்குமோ?” என்று கேட்டேன்.

இப்போது கிளிநொச்சிச் சந்தைக்குப் போனாலும் நான்தான் முன்னே நடக்கிறேன். நானும் திரும்பிப் பார்ப்பதில்லை.