குழலுக்குக் கீழே இருந்த மூடி

சைதாப்பேட்டைப் பாலத்தின் நெரிசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோது ரூபனின் மனைவி ஸ்டெல்லா அழைத்தார். "வசந்தி, ரூபன் போயிட்டாரு. தூக்கத்துலயே." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். நடுவில் விழித்தாரா, மனைவியைக் கூப்பிட முயன்றாரா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

தி.நகரில், வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு வண்டிகளைக் கணினியில் உருவாக்கித் தரும் எங்கள் அலுவலகத்தில் இருந்த உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாந்தோம்காரர், கிறிஸ்தவர், ஐம்பதைத் தாண்டியவர். எந்த வண்டியானாலும் முதலில் உள்ளே ஆள் உருவங்களை உட்காரவைத்து அளவு பார்ப்பார். "ஆளு இல்லாத வண்டி பொம்மைம்மா" என்பார்.

நாங்கள் கடைசியாகச் சேர்ந்து செய்தது, உலகப் போர்க் காலத்தில் சோதனைக்காகக் கட்டிப்பார்த்த, டாங்கிகளை அழிக்கும் வண்டி ஒன்று. அதற்குச் சுழலும் மேற்கூடு கிடையாது. முன்னால் நீட்டிய ஒரே பீரங்கிக் குழல், அதற்கு நேர் கீழே ஓட்டுநர் வெளியேறும் மூடி. குழல் தாழ்ந்திருந்தால் மூடி பாதியிலேயே இடித்து நின்றது; குழலைத் தூக்கினால்தான் முழுதாகத் திறந்தது. எங்கள் தொழிலில் இரண்டு பாகங்கள் மோதினால் அது பிழை. நானும் அப்படித்தான் குறித்தேன். ரூபன் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். "நம்ம தப்பு இல்ல. அவனுங்க கட்டுனதே இப்டித்தான்."

நம்பாத என்னைக் கூட்ட அறைக்கு அழைத்துப் போனார். தரையில் டேப் ஒட்டி, இருபுறமும் நாற்காலிகளை நெருக்கி, நடுவில் என்னைச் சாய்ந்து உட்காரச் சொன்னார். மேலே வெள்ளைப் பலகையை வைத்துக் கையால் அழுத்திக்கொண்டார். "தள்ளு." ஒரு சாண் எழும்பி நின்றது. மறுபடி தள்ளினேன், அசையவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. "எடுங்க ரூபன். முருகா, எடுங்க."

எடுத்துவிட்டுச் சிரித்தார். "சாந்தோம்காரன் கட்டுன வண்டில முருகனைக் கூப்டா எப்டிம்மா வருவாரு?" பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "உள்ள நெருப்பு புடிச்சா அவன் இன்னா பண்ணுவான்?"

வேலை கொடுத்தவர்கள் மூடியை அசையாமல் ஒட்டிவிடச் சொன்னார்கள். விளையாடுபவர் யாரும் இறங்கப் போவதில்லையாம். மறுத்தால் அடுத்த வேலை வராது, குழு கலைந்துவிடும். குழுவை நடத்துபவள் நான், முடிவு என்னுடையது. "ஒட்டிட்டா, உள்ள ஒருத்தன் இருந்தான்றதே பூடும்" என்றார் ரூபன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். இடிக்கும் மூடியையே வரைபடத்துடன் அனுப்பினேன். பதில் வரும்வரை இருவரும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தோம். ஒற்றை வரியில் ஏற்றுக்கொண்டார்கள்.

கேம் வெளிவந்தபின் மதிய இடைவேளைகளில் அந்த வண்டியை ஓட்டுவார். சுமாராகத்தான் ஆடுவார். பக்கவாட்டில் அடிபட்டு வண்டி பற்றிக்கொள்ளும்போது, ஒரு குண்டு மிச்சமிருந்தாலும் சுடமாட்டார். அவசரமாகக் குழலை மேலே தூக்குவார்.

"இன்னா நைனா பண்ற? சுடு" என்று பின்னாலிருந்து யாராவது கத்துவார்கள்.

"இருடா, அவன் எறங்கட்டும்."

திரையில் யாரும் இறங்கியதில்லை. இறங்கும் ஆளை நாங்கள் செய்திருக்கவே இல்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அலுவலகத்தில் அந்த வண்டியை ஓட்டினேன். தீப்பிடித்ததும் குழலைத் தூக்கினேன். வண்டி எரிந்து அடங்கும்வரை தாழ்த்தவில்லை.