நீலம் கூடிப்போன வருஷம்

போடி கடைத்தெருவில் சுண்ணாம்பின் வயதைச் சொல்லத் தெரிந்தவள் சுகிர்தம் ஒருத்திதான். சுவரை நகத்தால் ஒரு கீறு கீறுவாள். விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்ப்பாள். மேல் பூச்சு எந்தப் பொங்கலுக்கு அடித்தது, அடியில் இருப்பது வீட்டுக்காரரின் அப்பா காலத்ததா தாத்தா காலத்ததா என்று சொல்லிவிடுவாள். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அவள் முதலில் சுவரைத்தான் பார்த்தாள் என்று கேலி உண்டு. அதை அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வாள்.

கணவர் ஏசுதாசனின் கடையில் சுண்ணாம்பு, காவி, நீலம், வெள்ளையடிக்கும் மட்டை, கயிறு இவ்வளவும் கிடைக்கும். விலை கேட்டால் மட்டும் அவர் வாய் திறப்பார். மற்ற பேச்சையெல்லாம் சுகிர்தமே பேசினாள். கல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டி நீற்றும்போது அது புகைந்து கொதிக்கும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீளமான கட்டையால் கிண்டியபடியே கடைக்கு வந்தவர்களிடம் அவள் நலம் விசாரித்துக்கொண்டிருப்பாள்.

சங்கத்துக்குள் அவள் வந்ததும் அந்தச் சுண்ணாம்பினால்தான். ஊருக்கு மேற்கே சுனைக்கரடு என்று ஒரு குன்று, பெயருக்கு ரிசர்வ் காடு. அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோடையில் அங்கிருந்து வரும் ஓடை நின்றுபோனது. கடைத்தெருக் கிணறுகளில் வாளி தரை தட்டியது. கரிமூட்டக்காரர்களும் சூளைக்காரர்களும் மரத்தை வண்டி வண்டியாக இறக்கிக்கொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் ஊர் கவனித்தது. சைக்கிள் கடை சுயம்புலிங்கம், பாத்திரக்கடை அப்துல் சமது என்று பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். போர்டு இல்லை, ரசீதுப் புத்தகம் இல்லை. சுனைக்கரட்டுச் சங்கம் என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மரம் வெட்டியவனைப் பிடித்தால் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "எல்லை எங்கன இருக்குன்னு எனக்கு என்னய்யா தெரியும்?" அதிலும் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் இடுப்பு உயரத்துக்குக் கல்லை அடுக்கி வைத்த எல்லைக் குவியல்கள் பதினான்கு. எது குவியல், எது பாறைச் சரிவு என்று யாருக்கும் தெரியவில்லை. வருஷா வருஷம் அவற்றுக்கு வெள்ளையடித்துவிட்டால் கடைத்தெருவில் நின்று பார்க்கிறவனுக்கும் தெரியுமே என்றது சுகிர்தத்தின் யோசனை. பொங்கலுக்கு ஊரெல்லாம் அடித்து முடித்தபின் கடையில் மிஞ்சும் சுண்ணாம்பு அதற்குப் போதும்.

அறுபத்தொன்பது தையில் முதல் பூச்சு. காணும் பொங்கலுக்கு மறுநாள் கடைகளை அடைத்துவிட்டு, காவடிக் கம்பில் பானைகளைத் தொங்கவிட்டு, புளிச்சோற்றுப் பொட்டலங்களோடு கிளம்புவார்கள். சங்கத்தில் ஒரே பெண்ணான சுகிர்தம் முன்னால் நடந்தாள். கலவையில் எவ்வளவு கஞ்சி, எவ்வளவு நீலம் என்பதை யாரையும் தொடவிட மாட்டாள். அப்படி இருந்தும் மறுவருஷம் பேச்சு சுவாரசியத்தில் நீலப் பொட்டலம் மொத்தமும் பானைக்குள் கவிழ்ந்துவிட்டது. இறங்கி வந்து திரும்பிப் பார்த்தால் பதினான்கு குவியலும் நீலம் பாரித்து நின்றன. அப்துல் சமது கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"யாரோ மலையப் புடிச்சு அடிச்சதுல ரத்தம் கட்டிப் போன மாதிரியில்ல இருக்கு, தங்கச்சி" என்றார்.

அந்த வருஷம் முழுக்கக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் மலைக்கு ஒத்தடம் கொடுத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் சாமான் வாங்கினார்கள். அடுத்த தையில் வெள்ளைப் பூச்சு விழுந்து நீலம் உள்ளே போனது. கேலியும் மெல்லக் குறைந்தது.

எழுபத்தொன்று ஐப்பசி மழையில் பதினோராம் குவியல் சரிந்துவிட்டது. தை வந்தபோது சுகிர்தத்துக்கு ஏழு மாதம். வரவேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும் கேட்காமல் வந்துவிட்டாள். சரிந்த இடமோ செங்குத்தான ஏற்றம். கீழே ஒரு புளியமரம், நல்ல நிழல், சுற்றிலும் கல்லுக்குப் பஞ்சமில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேரில் உட்கார்ந்தவள் சொன்னாள்:

"எவன் வந்து சங்கிலி புடிச்சு அளக்கப் போறான்? இங்கனயே அடுக்குங்க அண்ணாச்சி."

வயிற்றுப் பிள்ளைக்காரியோடு யார் வாதாடுவது? சுயம்புலிங்கம் சரி என்று தலையாட்ட, பதினோராம் குவியல் புளியமரத்தடிக்கு இறங்கி வந்தது. புளிச்சோறு சாப்பிடவும் அதுவே தோதான இடமாயிற்று. வருஷங்கள் ஓட ஓட, அது எப்போதும் அங்கேதான் இருந்தது என்று அடுக்கியவர்களே நம்பிப்போனார்கள்.

எழுபத்தைந்து பங்குனியில் ஒரு நாள் ஜக்கம்மா கடைக்கு வந்தாள். கரட்டடியில் முக்கால் ஏக்கர் புஞ்சைக்காரி. புருஷன் போனபின் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, கேரளா பக்கத்து ஏலத்தோட்டத்தில் நாலைந்து வருஷம் கூலிக்கு இருந்தவள்; மொச்சை விதைக்கலாம் என்று இப்போது திரும்பியிருந்தாள். இரண்டு படி சுண்ணாம்பு கேட்டாள். வீட்டுக்கா என்று சுகிர்தம் விசாரித்தாள். வீட்டை வெள்ளையடித்து விற்றுவிட்டு மறுபடி ஏலத்தோட்டத்துக்கே போகப் போவதாக ஜக்கம்மா சொன்னாள். விதைக்கக் கூடாது என்று பாரஸ்ட் கார்டு வந்து சொல்லிவிட்டாராம். பட்டாவில் வடக்கு எல்லை ரிசர்வ் காடு என்றுதான் எழுதியிருக்கிறது. காட்டின் எல்லை எது என்றால் வெள்ளைக் குவியலைக் காட்டுகிறார்களாம்.

"உங்க வெள்ளையக் காட்டித்தான் சொல்றாக, கடைக்காரம்மா. புதன்கிழமை ரேஞ்சர் வந்து அகழி வெட்டக் கயிறு போடப் போறாகளாம். என் வீட்டுக்காரரு உழுத இடம் பூரா அந்தப் பக்கம் போயிருச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சுண்ணாம்புக்கு விலை கேட்கும் குரலிலேயே அவள் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சுகிர்தம் சுரண்டுகத்தியை எடுத்துக்கொண்டு தனியாகக் கரட்டுக்குப் போனாள். புளியமரத்தடிக் குவியலில் மழைச்சாரல் படாத பக்கமாகப் பார்த்துச் சுரண்டினாள். வெள்ளை, அதற்கடியில் வெள்ளை, நாலு பூச்சு தாண்டியதும் வெறும் கல். நீலம் இல்லை. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு கல்லைச் சுரண்டினாள். பத்தாம் குவியலுக்கு ஏறிப்போய்ச் சுரண்டினாள்; அங்கே அடியில் நீலம் பளிச்சென்று இருந்தது. தான் வேரில் உட்கார்ந்து சொன்ன வார்த்தை அப்போதுதான் ஒரு எழுத்து விடாமல் காதில் கேட்டது.

இறங்கியதும் நேராகச் சைக்கிள் கடைக்குப் போனாள். சுயம்புலிங்கம் டியூப்பைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டியூப்பைக் கீழே போட்டுக் கையைத் துடைத்தார். புதன்கிழமை ரேஞ்சர் வருவதே சங்கத்தின் மனுவின் பேரில்தான். கரட்டை ஒட்டி நிலம் வைத்திருந்த மேலத்தோப்புக்காரர் ஆறு முதல் ஒன்பது வரை நாலு குவியலை வேலிக்குள் வளைத்துப் போட்டிருந்தார். ஓடைத் தலைமாடே அவர் வேலிக்குள் இருந்தது. மூன்று வருஷமாக நடையாய் நடந்து இப்போதுதான் ஆள் வருகிறது.

"ஒரு குவியலு பொய்யின்னு நம்ம வாயாலயே சொன்னா, பதினாலும் பொய்யின்னு அவன் சொல்லுவான். ஒரு மாசம் பொறு தாயி. மனு முடியட்டும், நானே போயி ரேஞ்சர்கிட்டப் பேசுறேன்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. ஓடை அடைபட்டால் ஊரே தவிக்கும். ஆனால் அகழி ஒரு மாதம் பொறுக்காது. வெட்டிய பின் அதைத் தூர்க்க எந்த ஆபீசும் ஆள் அனுப்பாது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். ஏசுதாசன் சாப்பிட்டுக் கைகழுவினார்.

"நீலத்தக் கூடப் போட்டதும் நீ, ஏத்தத்தக் கொறச்சுப் போட்டதும் நீ. வேற யாரு போயிச் சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு, துண்டை உதறிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். மூன்று நாளில் விலை தவிர அவர் பேசியது அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை ரேஞ்சரும் கார்டும் கயிற்றோடு வந்தார்கள். மேலத்தோப்பின் கணக்கப்பிள்ளை வெள்ளை வேட்டியில் குடையோடு வந்திருந்தார். ஜக்கம்மா தன் புஞ்சையில் தள்ளி நின்றாள். புளியமரத்தடிக் குவியலில் கார்டு கயிற்றைக் கட்டக் குனிந்தபோது சுகிர்தம் முன்னால் வந்தாள்.

"சார், கட்டாதீக. இது எல்லை இல்ல. மூணு வருஷத்துக்கு முந்தி வயித்துப் புள்ளையோட மேல ஏற மாட்டாம நாந்தான் இங்கன அடுக்கச் சொன்னேன்."

சுயம்புலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணக்கப்பிள்ளை சிரித்தார். ஏற முடியாத இடத்திலெல்லாம் அம்மா எல்லையை இறக்கிக்கொள்வார் போலிருக்கிறது, எங்கள் தோப்புக்குள் இருக்கிற நாலும் எந்தப் பிரசவத்துக்கு இறங்கியதோ என்று ரேஞ்சரைப் பார்த்துக் கேட்டார். கார்டுகூடச் சிரித்துவிட்டான்.

சுகிர்தத்துக்கு முகம் சிவந்தது. சுரண்டுகத்தியை எடுத்துக் கணக்கப்பிள்ளையிடமே நீட்டினாள்.

"நீங்களே சொரண்டுங்க. எழுபதாம் வருஷம் நான் நீலத்தக் கொட்டிப்புட்டேன், ஊரே சிரிச்சுச்சு, நீங்களுந்தான் சிரிச்சீக. அப்ப நின்ன குவியலுல எல்லாம் அடியில நீலம் இருக்கும். இதுல இல்ல. உங்க தோப்புக்குள்ள இருக்கா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை கத்தியை வாங்கவில்லை. ரேஞ்சர் வாங்கினார். முதலில் புளியமரத்தடி: வெள்ளை மட்டும். பிறகு செங்குத்தான ஏற்றத்தில் பழைய பதினோராம் குவியல் இருந்த இடம். புல்லை விலக்கினால் அடிக்கல் வட்டம் அப்படியே கிடந்தது. சுரண்டியதும் நீலம். அடுத்து மேலத்தோப்பு வேலிக்குள் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. நாலிலும் நீலம். ஒன்பதாவதைச் சுரண்டும்போது குடையை மடக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை இறங்கத் தொடங்கியிருந்தார். ரேஞ்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். கார்டு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மேலே அடிக்கல் வட்டத்துக்குப் போனான்.

மேலத்தோப்புக்காரர் கோர்ட்டுக்குப் போனார். நாலு வருஷம் இழுத்தது. கடைசியில் வேலி பின்வாங்கியபோதும் எட்டாம் குவியலை ஒட்டிய மரங்கள் போனது போனதுதான். சுயம்புலிங்கம் சுகிர்தத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். சைக்கிள் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவள் நடையை மெதுவாக்குவாள்; அவர் டியூப்பை விட்டுத் தலை தூக்க மாட்டார். எழுபத்தாறு தையில் பானைகளைக் கட்டும்போது சொல்லாமல் கொள்ளாமல் வந்து, காவடிக் கம்பின் பின்முனையைத் தோளில் வைத்துக்கொண்டார். பதினோராம் குவியலுக்கான ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் மூச்சு வாங்க, "இதுக்குத்தான் தாயி அன்னைக்கு நானும் சரின்னேன்" என்றார். பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது.

அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அடையாளத்துக்காக வேண்டுமென்றே ஒரு பொட்டலம் நீலத்தைக் கூடக் கொட்டுவது சங்கத்தில் வழக்கமாயிற்று. எண்பதாம் வருஷத்து நீலத்தின்போதும் சுகிர்தம்தான் முன்னால் நடந்தாள். எண்பத்தைந்தில் அவளுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. கலவையைத் தன் கையாலேயே கலக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். அது இப்போது ஜக்கம்மாவின் புஞ்சைக்குள் இருந்தது. ஜக்கம்மா அவித்த மொச்சையைக் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேலே அப்துல் சமதுவின் குரல் யாரையோ திட்டுவது கேட்டது. ஒவ்வொன்றாக நீலம் ஏறிக்கொண்டிருந்தது. பத்து முடிந்தது. பதினொன்றுக்கு ஏறுகிறவர்கள் கையும் காலுமாகத் தவழ்வதைச் சுகிர்தம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆசையா இருந்தா இங்கன ஒண்ணு அடுக்கிக்க, அக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் ஜக்கம்மா.

"சும்மா கெட, ஆத்தா" என்றாள் சுகிர்தம். வாயில் மொச்சையோடு சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.