சூசை பட்லரின் பதினைந்தாவது வில்லை

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அம்பாங்கானிலிருந்து சூசை பட்லரின் மகள் லூர்து மேரி. "மாமா, அப்பா போயிட்டாரு. சிரம்பான் ஆஸ்பத்திரியில, விடியக்காலையில" என்றாள். வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூடத் தோன்றாமல் நின்றேன். தொண்ணூறைத் தாண்டிய மனிதர் போனதில் என்ன அதிர்ச்சி என்று கேட்பீர்கள். எனக்கு அதிர்ச்சிதான். ஒருமுறை எல்லாரும் என்னை விட்டுவிட்டுக் கிளம்பத் தயாரானபோது, போகமாட்டேன் என்று நின்றவர் சூசை பட்லர் ஒருவர்தான். அப்படிப்பட்டவர் என்னை விட்டுப் போவார் என்று நான் எண்ணியதே இல்லை.

உங்களில் பலருக்கு அவரை மாதா கோயில் வாசலில் குடையோடு நிற்கும் பெரியவராகத் தெரிந்திருக்கும். நான் அவரை அறிந்தது லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அவர் பெரிய துரையின் பங்களாவில் சமையலும் மேசையும் கவனித்த பட்லர். நான் ஆபீஸ் கிராணி. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் எழுதுகிற உத்தியோகம். எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. வெள்ளைக் கால்சட்டை, சட்டைப்பையில் பேனா, தலையில் மட்டும் அறுபது வயதுக்குரிய கனம்.

சூசை ஐஸ் கடலுக்குப் போய்வந்தவர் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் நம்பியதில்லை என்பதும் தெரியும். ஜப்பான் சண்டைக்குச் சில வருடங்களுக்கு முன்பு துரை விடுப்பில் சீமைக்குப் போனபோது சூசையையும் கூட்டிப்போனார். துரைக்கு வயிறு சரியில்லை. சூசை வைக்கிற கோழி சூப்பு இல்லாவிட்டால் எதுவும் இறங்காது. சீமையிலிருந்து, உலகத்தின் உச்சியிலுள்ள ஆர்க்டிக் கடலைச் சுற்றிப் பார்க்கப் பணக்காரர்கள் ஏறுகிற கப்பல் ஒன்றில் துரையும் துரைசாணியும் ஏற, பின்னாலேயே சூப்புச் சட்டியோடு இவரும் ஏறினார். மாடிவீடு போல ஐஸ் இடிந்து கடலில் விழுந்ததைக் கண்டாராம். வெள்ளைக் கரடி கண்டாராம். திமிங்கலம் பிடித்தவர்கள் விட்டுப்போன குடிசைகளையும், கல் குவித்த சமாதிகளையும் படகில் இறங்கிப்போய்ப் பார்த்தாராம். அங்கே கோடைக்காலம் முழுக்கச் சூரியன் மறைவதே இல்லையாம்.

"சூரியன் மறையலேன்னா பெரட்டு எப்ப அடிப்பான்?" என்று கேட்டார் மருதமுத்து மண்டோர். பால்மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிற மனிதருக்கு வேறு என்ன கேள்வி வரும்? களமே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன் நான். "ஐஸ் பட்லர்" என்று பெயர் வைத்ததும் நான்தான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். சூசை கோபித்துக்கொள்ளவில்லை. "நம்பாட்டி போங்கலா. சூரியன் உங்க கிட்ட கேட்டுக்கிட்டா நிக்குது?" என்றார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரே ராத்திரியில் சிங்கப்பூர்ப் பக்கம் காரை விட்டார். சூசை செய்த முதல் காரியம், துரை மீன்பிடிக்க வைத்திருந்த படகை ஆற்றோரப் புதருக்குள் இழுத்துத் தழை போட்டு மூடியது. எதற்கு என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. ஒரு வருடத்தில் புரிந்தது. அரிசி போனது, துணி போனது, திடமான ஆண்களில் பாதிப்பேரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் உப்பும் போனது. உப்பில்லாத மரவள்ளிக்கிழங்கை மாதக்கணக்கில் தின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். நாக்கு செத்துவிடும். குழந்தைகள் சுவரை நக்கும்.

அந்தப் படகில்தான் கடலோரத்துக்குப் போய் உப்புக் காய்ச்சத் தொடங்கினோம். ஆறு கடலில் சேருமிடத்தில் ஒரு மணல்திட்டு. அதைச் சுற்றிச் சேறும், பாக்காவ் என்கிற அலையாத்தி மரக்காடும். விடியற்காலையில் இறங்கி, தகரங்களில் கடல்தண்ணீரைக் கொதிக்கவைத்து, தண்ணீர் ஏறியதும் திரும்பிவிட வேண்டும். தண்ணீர் ஏறினால்தான் எங்கள் படகு மிதக்கும். தண்ணீர் ஏறினால்தான் ஜப்பான்காரனின் ரோந்துப் படகும் அந்தப் பக்கம் வரும். பிடிபட்டால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை.

முதல் பயணத்துக்கு முந்திய நாள் சூசை ஒரு பலகையோடு ஆபீசுக்கு வந்தார். வரிசையாக ஆணி அடித்து, ஒவ்வோர் ஆணியிலும் பிஸ்கட் டின்னில் வெட்டிய வட்டத் தகர வில்லை. ஒரு பக்கம் வெள்ளைச் சாயம், மறுபக்கம் தார். ஐஸ் கடல் கப்பலில் இப்படித்தானாம். கரையில் இறங்கும்போது அவரவர் வில்லையைக் கறுப்புப் பக்கம் திருப்ப வேண்டும். ஏறியதும் வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். ஒரு வில்லை கறுப்பாக இருந்தாலும் கப்பல் நகராது. "அவங்கவங்க வில்லைய அவங்கவங்க கையாலதான் திருப்பணும். அடுத்தவன் தொடக்கூடாது. ஐஸ் ஆள முழுங்கறதில்ல, கிராணியாரே. மறந்துட்டுப் போறவன்தான் முழுங்கறான்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "தொரைமாரு நாய் கழுத்துலதான் வில்லை மாட்டுவாங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். ஊரையே எண்ணுறவன் நான், என்னை நீ எண்ணப் போறியா?" என்றேன். அவருக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட; இருந்தும் "நீ"தான். அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் மாட்டினார்; நான் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை. நான் என் வழக்கப்படி காகிதத்தில் பதினான்கு பெயர்களை எழுதிப் படகில் வைத்தேன். என் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. செக்ரோல் எழுதுகிறவன் பெயர் செக்ரோலில் இருக்காது.

நாலைந்து பயணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அதற்கடுத்த பயணத்தில் காலையிலேயே என் வயிறு கடமுடா என்றது. முதல்நாள் தின்ற கிழங்கு. பெண்கள் அடுப்பெரித்துக்கொண்டிருந்த இடத்தில் கிராணி எங்கே போய் உட்காருவது? மானம் பார்த்து வெகுதூரம் நடந்தேன். பாக்காவ் வேர்களுக்குள் நுழைந்து, கால்சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டு இரண்டடி எடுத்து வைத்தேன். தொடைவரை சேறு இழுத்துக்கொண்டது. அசைய அசைய இன்னும் இறங்கினேன். கத்தலாம்தான். ரோந்துப் படகின் காதில் விழுந்தால் எல்லார் கதியும் அதோகதி. அதனால் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு. கால்சட்டை இல்லாமல் என்னை அவர்கள் பார்க்கக்கூடாது. அதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. இடுப்புக்கு வந்தபோது மானம் போனால் போகிறது என்று கத்தினேன். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

படகில் நடந்ததைப் பின்னால் மருதமுத்து மண்டோர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் என் காகிதத்தை எடுத்துப் பெயர் படித்திருக்கிறார். பதினான்கு பேரும் குரல் கொடுத்தார்கள். "சரி, தள்ளு" என்றார். சூசை துடுப்பைத் தொடவில்லை. பலகையைக் காட்டினார். பதினான்கு வில்லைகள் வெள்ளை. கடைசி ஆணியில் பதினைந்தாவதாக ஒன்று, கறுப்பு.

"இது யாரோடது?"

"கிராணியாரோடது."

"அவரு வேணான்னுட்டாரே!"

"அவரு வேணான்னாரு. நான் மாட்டிக்கிட்டேன். கரையில எறங்குனப்ப நானே கறுப்பாக்கி வச்சேன்."

"கிராணி ஐயா கரை வழியா நடந்து போயிருப்பாரு. அவருக்குத்தான் படகுன்னாலே ஆகாதே. ரோந்துப் படகு வர்ற நேரமாச்சு, தள்ளுய்யா!" மண்டோர் சொல்லிக்கொண்டே அந்த வில்லையைத் திருப்பக் கை நீட்டியிருக்கிறார். சூசை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்கவங்க கையாலதான்."

"அடப் பாவி மனுசா, தனக்கு ஒரு வில்லை இருக்கிறதே அவருக்குத் தெரியாது. அப்புறம் எப்படித் திருப்புவாரு?"

"தெரியாட்டி என்னா? ஆளு வரட்டும், நான் காட்டறேன்."

பெண்கள் அழுதார்கள். ஒருத்தி சூசையை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவள் மடியில் கைக்குழந்தை, அவளைக் குறை சொல்லமுடியாது. சூசை படகின் குறுக்குப் பலகைகள் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டார்.

நான் அவரைக் கண்டபோது தண்ணீர் என் மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு பலகையை எனக்கு முன்னால் தள்ளி, இன்னொன்றின்மேல் தான் குப்புறப் படுத்திருந்தார். "படுங்க கிராணியாரே! நின்னா முழுங்கும், படுத்தா தாங்கும். இளகுன ஐசுல இப்படித்தான் படுக்கச் சொல்லுவாங்க. மானத்த அப்புறம் பார்த்துக்கலாம், படுங்க!" படுத்தேன். அவர் இழுத்த இழுப்பில் கால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தது. எழுந்ததும் அவர் முதலில் செய்தது கிளையிலிருந்த கால்சட்டையை எடுத்து நீட்டி, முகத்தை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டதுதான். கால்சட்டை விஷயத்தைச் சாகும்வரை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்று நானே சொல்லிவிட்டேன்.

படகில் ஏறியதும் பலகையை என் முன்னால் பிடித்தார். "திருப்புங்க." சேற்றுக் கையால் திருப்பினேன். அதற்குப் பிறகுதான் படகு நகர்ந்தது. ஓடைக்குள் புகுந்து மரங்களுக்கடியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். சற்று நேரத்தில் வெளியே ரோந்துப் படகின் எஞ்சின் கடந்து போயிற்று. கைக்குழந்தைகூட அழவில்லை.

மறுநாள் பங்களாவின் சமையற்கட்டுக்குப் போய் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை, சண்டை மாதிரித்தான் வந்தது. "வேணான்னு சொன்னவனுக்கு எதுக்கு வில்லை மாட்டுனீங்க?" என்றேன். அன்றுதான் நான் அவரை முதன்முதலாக "நீங்கள்" என்றது.

அவர் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கப்பல் பலகையில எல்லா தொரைமாரு பேரும் இருந்துச்சு. வேலைக்காரவங்க பேரு இல்ல. ஒரு நாள் கரையில எறங்குனோம். திரும்புற நேரத்துல தொரசாணி சால்வைய மேட்டுல மறந்துட்டாங்க. எடுத்துட்டு வான்னு என்னை அனுப்புனாங்க. எடுத்துக்கிட்டு வந்து பார்த்தா படகு இல்ல. வில்லை எல்லாம் வெள்ளையா இருந்திருக்கு. கணக்கு சரியாப் போச்சு. கப்பலு ஊதிட்டுப் போயிருச்சு."

"ஐயையோ. அப்புறம்?"

"நடந்துக்கிட்டே இருந்தேன், நின்னா வெறச்சிப் போவேன்னு. சூரியன் மறையல. மறையாததால எவ்வளவு நேரமாச்சுன்னும் தெரியல. சால்வைய மட்டும் போத்திக்கல, அது தொரசாணியோடது பாருங்க." கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாப்பாட்டு மேசையில தொரைக்கு சூப்பு வரல. அப்பத்தான் 'சூசை எங்கே'ன்னு கேட்டாங்களாம். கப்பல் திரும்பி வந்துச்சு. சூப்பு வரலேன்னுதான் கிராணியாரே என்னைத் தேடுனாங்க."

நான் அழுதேன். ஊரையே எண்ணுகிற கிராணி, பட்லரின் சமையற்கட்டில் நின்று அழுதேன். சூரியன் மறையாத நாட்டை அன்று நம்பினேன். பொய் சொல்கிறவன் அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டிருப்பான்.

சண்டை முடியும்வரை உப்புப் படகு ஓடியது. ஓர் ஆள்கூடக் குறையவில்லை. பிறகு தோட்டம் துண்டாடப்பட்டது, ஆளுக்கொரு திசையானோம். சூசை அம்பாங்கானில் வீடு வாங்கினார். பலகை வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஏறியது. வெளியே போனால் கறுப்பு, வீட்டுக்குள் வந்தால் வெள்ளை. மோட்டாரில் பறக்கிற பேரப்பிள்ளைகள்கூட வில்லையைத் திருப்பாமல் வாசல் தாண்டமுடியாது. அதே கடைசி ஆணியில் என் வில்லையும் இருந்தது. நான் போகிறபோதெல்லாம், "என்னா கிராணியாரே, மொதல்ல அதைத் திருப்புங்க. அப்புறம் உட்காரலாம்" என்பார்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குத் திரும்பியபோது லூர்து மேரி அந்தப் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏறுமுன் அவரே தன் கையால் திருப்பிவைத்த வில்லை கறுப்பாகத் தொங்கியது. "மாமா, அப்பா வில்லைய என்னா செய்ய? திருப்பிரவா, கழட்டிரவா?" என்றாள். "தொடாதேம்மா. அவங்கவங்க கையாலதான்" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு என் வில்லையை நான் வெள்ளைக்குத் திருப்பினேன்.

சாப்பாடு பரிமாறினார்கள். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து பின்பக்கம் போனேன். கோப்பை கழுவ வந்த அம்மாள் ஒருத்தி குழாயடியில் தனியாக நின்றாள். அவளை ஒருவரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. பெயர் கேட்டேன். கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

சூசை பட்லரிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். எங்கே ஆள் எண்ணினாலும் இரண்டு முறை எண்ணுகிறேன். முதல் முறை, பெயர் எழுதியிருப்பவர்களை. இரண்டாம் முறை, எழுதாமல் விட்டவர்களை. அப்படி இரண்டாம் முறை எண்ணியதில் கிடைத்தவன் நான்.