புளியாரைக்குக் கோரை பங்காளி

மலைக்கு முதுகைக் காட்டி நின்று, வலது தோளுக்கு மேலாக வளையத்தை எறிகிறார் பாப்பம்மா. சாராயப் பீப்பாயிலிருந்து கழற்றிய இரும்பு வளையம் அது. தேயிலைத் தூர்களுக்கு இடையே எங்கோ போய் விழுகிறது. சத்தம் கேட்கும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்டதும் முந்தானையை இடுப்பில் செருகி, வெற்றிலையை இடது கன்னத்துக்கு ஒதுக்கி, அங்கே போய்க் குந்துகிறார். வளையத்துக்குள் முளைத்திருக்கும் புல்பூண்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவார். நான் எழுத வேண்டும்.

"பாத்து எறிஞ்சா என்ன?" என்று முதல் நாள் கேட்டேன்.

"கண்ணு ஓரவஞ்சனை பண்ணும் கிளாக்கரையா. பச்சையா இருக்கிற பக்கமே கைய இழுத்துக்கிட்டுப் போவும். முதுகுக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கெடையாது."

இதே விஷயத்தைப் புல்லுத் துரை எனக்கு அரை மணி நேரம் இங்கிலீஷில் விளக்கியிருந்தார். அப்போது எனக்கு விளங்கவில்லை.

புல்லுத் துரை என்பது ஹேவாஹெட்டத் தோட்டத்துச் சனங்கள் வைத்த பெயர். கண்டியில் எங்கள் கந்தோரில் செடிகளை ஆராய்கிற வெள்ளைக்காரர். எந்தச் செடி எதனோடு கூடி வாழ்கிறது, எது எதை விரட்டுகிறது என்பதை எண்ணிக்கையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. நான் அவருடைய கிளாக்கர் கிறகரி. கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவன். புல் பச்சையாக இருக்கும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த 1936ஆம் வருடம் முழுக்க வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி, குடல் வாய்க்கு வருகிற வளைவுகளைத் தாண்டி வந்து, இந்த மலையில் அட்டைகளுக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாப்பம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முப்பது வருடம் சுரண்டி பிடித்துக் களை வெட்டியவர். பூண்டுகளைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று துரை கேட்டபோது, மூக்கையா கங்காணி யோசிக்காமல் இவரைக் கைகாட்டினார். ஆரம்பத்தில் நான் இவரை 'நீ' என்றுதான் அழைத்தேன். மடையன்! இந்தக் கட்டுரையில் 'எறிகிறார்' என்று எழுதியிருப்பதைப் பத்திராதிபர் 'எறிகிறாள்' என்று திருத்திவிடக் கூடாது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

பெயர் சொல்லத் தொடங்கும் முன்னால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வெறுங்காலை வளையத்துக்குள் அழுத்தி எடுத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பார். "ஈரக்காலு" என்பார், அல்லது "காஞ்சகாலு" என்பார். துரை கேட்டது செடிகளைத்தானே, இந்தப் பொம்பளையின் கால் யாருக்கு வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே கொப்பியின் ஓரத்தில் 'ஈ' என்றும் 'கா' என்றும் கிறுக்கி வைத்தேன். கிறுக்காமல் விட முடியாது. அவருக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் கழுத்தை நீட்டிப் பார்ப்பார். ஓரத்தில் கிறுக்கல் விழாவிட்டால் அடுத்த பெயர் வாயிலிருந்து வராது. வளையம் வெறும் மண்ணில் விழுந்தாலும் அதே பிடிவாதம்தான். "இன்னொரு தரம் எறியுங்களேன்" என்று கெஞ்சியிருக்கிறேன். "விழுந்தது விழுந்ததுதான். ஒண்ணுமில்லன்னு எழுதுங்க" என்பார்.

செடிகளை முறை வைத்தே பேசுவார். "வல்லாரையும் இந்தச் சின்னப் பூண்டும் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தவங்க" என்பார். வேறொன்றைக் காட்டி, "இது வீட்டோட மாப்பிள்ள, நெழல் இல்லாம நிக்காது" என்பார். இரவுச் சாப்பாட்டில் நான் இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க, என் மனைவி யோசப்பின், "நீங்க எப்ப அந்த வளையத்துக்குள்ள விழுந்தீங்க?" என்று கேட்டாள்.

இனி ஏழாம் நம்பர் மலைக்கு வருவோம். அந்தச் சரிவில் கோரை மண்டித் தேயிலையை நெரித்துக்கொண்டிருந்தது. அதனோடு புளியாரையும் போர்வை மாதிரிப் படர்ந்து கிடந்தது. புளியாரை கோரைக்குத் துணையா, எதிரியா? தோட்டத்துப் பெரிய துரை எங்கள் துரையிடம் கேட்டது இதைத்தான். துணை என்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டையும் சுரண்டி, மலையை மொட்டையாக்கிவிடுவது. எதிரி என்றால் புளியாரையை விட்டுவைப்பது.

மலையடியில் கூலியாட்களின் அறைகள் வரிசையாக இருக்கும் லயம். அதன் முதல் காம்பராவில் பாப்பம்மாவும் அவருடைய தங்கை பேச்சியம்மாவும் இருக்கிறார்கள். பேச்சியம்மாவுக்குச் சரிவில் விழுந்து இடுப்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. எழுந்து நடக்க முடியாது. போன வருடம் எட்டாம் நம்பர் மலையை மொட்டையாகச் சுரண்டினார்கள். மழையில் மண் இறங்கி, கீழே இருந்த லயத்தில் இரண்டு காம்பராக்களை மூடியது. சத்தம் கேட்டு ஓடியவர்கள் தப்பினார்கள். பேச்சியம்மாவால் ஓட முடியாது.

ஆவணி கடைசியில் இருநூறு எறி முடிந்தது. புளியாரை தொண்ணூறு இடத்தில் இருந்தது, கோரை ஐம்பத்துநாலு இடத்தில். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் முளைத்திருந்தால், சுமார் இருபத்துநாலு இடத்தில்தான் இரண்டும் சந்தித்திருக்க வேண்டும். சந்தித்திருந்ததோ முப்பத்திரண்டில். துரை பென்சிலைக் கடித்துக்கொண்டு, "இந்த இரண்டையும் பற்றி அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

நான் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். "அது ரெண்டும் பங்காளிங்கய்யா" என்று பாப்பம்மா சொல்லியிருந்தார். "பார்ட்னர்ஸ், சேர்" என்றேன் துரையிடம். கட்டுகஸ்தோட்டையில் என் மாமாவும் முஹைதீன் நானாவும் பங்காளிகளாகத்தான் கடை வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்குச் சோறு இறங்காது. நான் அறிந்த பங்காளிகள் அவர்கள்தான். கணக்கும் அதையே சொல்கிறது என்று துரைக்கு ஒரே சந்தோஷம். திங்கட்கிழமை தொடங்கி மலையை முழுக்கச் சுரண்டலாம் என்று அன்றே கடிதம் போயிற்று.

வெள்ளிக்கிழமை வளையத்தைத் திருப்பி எடுத்து வரத் தோட்டத்துக்குப் போனேன். கங்காணி சுரண்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். பாப்பம்மா வழியை மறித்து நின்றார்.

"நான் பங்காளின்னு தானேய்யா சொன்னேன்?"

"அதைத்தான் நானும் துரைக்கிட்ட சொன்னேன்."

"அட சாமி! பங்காளி எங்கய்யா கூடி வாழ்ந்திருக்கான்? அண்ணந்தம்பி மக்க, ஒரே மண்ணுக்கு அடிச்சிக்கிறவங்க! புளியாரை படர்ந்தா கோரைக்கு மூச்சு முட்டும். அத வழிச்சிட்டா மண்ண எது புடிச்சிக்கிட்டு நிக்கும்? எந் தங்கச்சி எங்க ஓடுவா?"

தப்பு என்னுடையது என்று விளங்கியது. ஆனாலும் கணக்கை விட மனம் வரவில்லை. "அப்ப ஏன் ரெண்டும் சேர்ந்தே நிக்குது?" என்றேன்.

பாப்பம்மா என் சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பி, லயத்துப் பீலியைக் காட்டினார். குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். "அந்தச் செவப்புச் சேலையும் அவ பக்கத்துல நிக்கிறவளும் பேசி ரெண்டு வருசமாச்சு. தெனம் ஒண்ணாத்தான் நிக்கிறாங்க. சிநேகிதமா? தண்ணிக்கு வந்தவங்கய்யா! கோரைக்கும் புளியாரைக்கும் ஈரம் வேணும். தண்ணி ஓடுற கானோரத்துல ரெண்டும் வந்து நிக்கும். ஈரக்காலத் தனியா, காஞ்சகாலத் தனியா எண்ணிப் பாருங்க. அதுக்குத்தானே அத்தன தரம் சொன்னேன்!"

அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து கொப்பியைப் பிரித்தேன். முணுமுணுத்துக்கொண்டே கிறுக்கிய 'ஈ'யும் 'கா'வும் ஒன்று விடாமல் இருந்தன. ஈரக்கால் நூறு, காஞ்சகால் நூறு. ஈரத்தில் புளியாரை எண்பது இடம், கோரை ஐம்பது. பகையோ உறவோ இல்லாவிட்டால் நாற்பது இடத்தில் சந்தித்திருக்க வேண்டும். சந்தித்தது முப்பத்திரண்டில்தான். காய்ந்த நூறில் புளியாரை பத்து, கோரை நான்கு. ஓரிடத்தில்கூட இரண்டும் சேரவில்லை. ஒன்றாகக் கூட்டினால் உறவு, பிரித்துப் பார்த்தால் பகை! மாதாவே, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். தலையை நிமிர்த்தி, "பாப்பம்மா, நீங்க..." என்றேன். நாக்கில் 'நீங்க' வந்தது அன்றுதான்.

சனிக்கிழமை துரை முன்னால் நின்று, சொல்லை நான்தான் தப்பாக மாற்றிச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு பட்டியலையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஈரத்தைக் குறிக்கச் சொன்னது யார்? நான் சொல்லவில்லையே" என்றார். பாப்பம்மா சொன்னார் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அன்றே தோட்டத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனார். கோரையை மட்டும் கையால் பிடுங்குவது, புளியாரையில் சுரண்டி படக் கூடாது என்று உத்தரவு மாறிற்று. "களை வெட்டப் போனா களைக்குக் காவல் நிக்கச் சொல்றாங்க" என்று மூக்கையா கங்காணி ஒரு வாரம் புலம்பினார்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் கொட்டியது. கண்டியில் வீட்டுக்குள் இருந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. எண்கள் சரிதான், ஆனால் மலைக்கு எண் தெரியுமா? பத்தாம் நாள் ஹேவாஹெட்டப் பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட, கடைசி மூன்று மைல் நடந்தேன். எதிர்ப்பட்டவர்களிடம் ஏழாம் நம்பர் மலை என்னவாயிற்று என்று கேட்கக்கூடப் பயமாக இருந்தது.

மலை நின்றுகொண்டிருந்தது. கான்களில் தண்ணீர் கலங்கலாக ஓடியது. சரிவு முழுக்கப் புளியாரை மழையில் பளபளத்துக் கிடந்தது. முதல் காம்பராவின் கதவு திறந்திருந்தது. உள்ளே பேச்சியம்மா பாயில் சாய்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். பாப்பம்மா வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். மழைச் சேறு ஒட்டிய காலை முந்தானையால் நன்றாகத் துடைத்தார். கதவுக்கு உட்பக்கம் மண்தரையில் அழுத்தி வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலைத் தூக்கி, உள்ளங்காலை எனக்குத் திருப்பிக் காட்டினார்.

"காஞ்சகாலு. எழுதிக்குங்க, கிளாக்கரையா."