பிரிக்காத பொட்டலம்

போன வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரிக்காமல் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிகிறது... பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும் — பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியர் கவரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள் நான். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் இதற்காகவே எனக்கு ஒரு பெயர் உண்டு. அப்படிப்பட்டவள் ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பிரிக்காமல் வருவது என்றால் சும்மாவா?

முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் என் சித்தி இருக்கிறார். அவருடைய ஒரே மகள் தேன்மொழி. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. புருஷன் வீட்டிலிருந்து கிளம்பி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

புருஷனுக்குக் குடிப்பழக்கம் இல்லை. கை நீட்டியதில்லை. கைநிறைய சம்பளம். பிறகென்ன கஷ்டம் என்று ஊரே கேட்டது. நானும்தான் கேட்டேன்.

“அடிக்க மாட்டார்க்கா. ஆனா எந்தப் புடவை கட்டணும், யார்கிட்ட போன் பேசணும், எப்ப சிரிக்கணும்னு கூட அவர்தான் சொல்வாரு” என்றாள்.

வேலையை விடச் சொன்னாராம். விட்டாள். தோழிகளை விடச் சொன்னாராம். விட்டாள். ஒரு நாள் ஓட்டலில் சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது இவளுக்குப் பதில் வரவில்லையாம். தனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்து போயிருந்தது. அன்றைக்குக் கிளம்பியவள்தான். வந்த பிறகுதான் பழைய வேலையிலேயே மறுபடி சேர்ந்தாள்.

இப்போது அவர் திரும்பக் கூப்பிடுகிறார். சித்தியும் தினம் காலையில் காபி டம்ளரை நீட்டும்போதே “போய்ச் சேர்ற வழியைப் பாரு” என்று ஆரம்பித்துவிடுவார். இவள் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைசியில் புருஷனுடைய பெரியப்பா வந்து உட்கார்ந்து ஒரு வழி சொன்னார். அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்த்துவிடலாம்.

உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கலாம். இவர்கள் குடும்பத்தில் முறை இப்படி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி இலையில் வைத்து வாழைநாரால் கட்டி, சாமி விளக்கின் முன்னால் வைத்துவிட்டு, கோயிலுக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே யாராவது ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கூடாது.

எடுப்பவர் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. என்ன விஷயம் என்பதும் அவருக்குத் தெரியக்கூடாது. அதனால் அந்த வழியாக முதலில் வருகிற ஆளைத்தான் கூப்பிடுவார்கள். இன்னொன்று — எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அதை அப்படியே வேப்ப மரத்தடியில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பூ முடிவு செய்வதா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தேன்மொழியே சரி என்று தலையாட்டிவிட்டாள். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போகாமல் இருப்பேனா?

கோயில் என்று பெரிதாக நினைக்காதீர்கள். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகளுக்கு நடுவில் ஒரு வேப்ப மரம், அதன் கீழ் தகரக் கொட்டகை, உள்ளே அம்மன். நாங்கள் போய்ச் சேரும்போது உச்சி வெயில். சித்தி ஆட்டோவில் ஏறியது முதல் பொட்டலங்கள் இருந்த தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். நான், தேன்மொழி, சித்தி பின்னால்.

பூசாரிக்கு வயது அதிகம். இரண்டு கண்ணிலும் புரை. சூடம் காட்டிவிட்டு, தட்டை அம்மன் முன்னால் கல்லின் மேல் வைத்து, “யாராச்சும் வரட்டும்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

யாரும் வரவில்லை.

அந்த மாதிரி ஒரு மத்தியானத்தை நான் பார்த்ததில்லை. காத்து இல்லை. ஒரு காக்கா கத்தவில்லை. எந்நேரமும் தடதடவென்று ஓடுகிற மோட்டார் கொட்டகையில்கூடச் சத்தம் இல்லை. தூரத்தில் அண்ணாமலை வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. யாரோ நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகு குறுகுறுக்குமே... அப்படி இருந்தது எனக்கு. தேன்மொழி மட்டும் பதற்றமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதுவும் எனக்கு வினோதமாகத்தான் பட்டது.

அப்புறம் ஒரு பெண் வந்தாள். எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நடுவயது. இடுப்பில் செருகிய, கதிர் அறுக்கும் கருக்கரிவாள், காலில் செருப்பில்லை. பெரியப்பா கூப்பிட்டதும் என்ன ஏது என்று கேட்காமல் தட்டின் அருகே வந்தாள்.

எடுக்கவில்லை. தேன்மொழியைத் திரும்பிப் பார்த்தாள்.

“எதை எடுக்கணும்?” என்றாள்.

அத்தனை பேர் இருக்க, இவளிடம் ஏன் கேட்க வேண்டும்? விஷயம் இவளுடையது என்று யார் சொன்னது? பெரியப்பா குறுக்கிட்டு, அதெல்லாம் கேட்கக்கூடாது, உன் இஷ்டத்துக்கு எடு என்றார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தேன்மொழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அந்தப் பெண் ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

தேன்மொழி பிரித்தாள். வெள்ளை.

நந்தியாவட்டை. காலையில் கட்டிய பூ அந்த வெயிலுக்கு வாடிச் சுருண்டிருக்க வேண்டும். இது ஈரமாக, அப்போதுதான் செடியிலிருந்து கிள்ளியது போல இருந்தது. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். திங்கட்கிழமையே கூட்டிப் போகிறேன் என்றார். சித்தி பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி மிச்சப் பொட்டலத்தை மரத்தடியில் வைத்தார்.

திரும்பும்போது தேன்மொழி என் கையைப் பிடித்தாள். வீட்டு வாசலில் மற்ற இருவரும் இறங்கி உள்ளே போகும்வரை விடவில்லை. பிறகு என் காதருகே சொன்னாள்.

“அக்கா... ரெண்டுலயும் நான் சிவப்புதான் வெச்சேன்.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. சித்தி காலையில் குளிக்கப் போன நேரத்தில், விளக்கு முன்னால் இருந்த இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, வெள்ளையை எடுத்துவிட்டு, இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறாள். எதை எடுத்தாலும் ‘கூடாது’ என்று வர வேண்டும். அதனால்தான் அத்தனை நிதானமாக உட்கார்ந்திருந்தாள்!

“என் கையால வெச்சேன்க்கா. வெள்ளை எப்படி வந்துச்சு? அம்மனே சொல்லிடுச்சுன்னா நான் இன்னா பண்றது? போய்த்தான் ஆவணும்.”

முகம் வெளுத்துப் போயிருந்தது. இதுவரை யார் சொல்லியும் அசையாதவள், அங்கேயே மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று தெரிந்தது.

ஆனாலும் என் மூளை சும்மா இருக்குமா? யோசித்துப் பார் என்றேன். நீ மாற்றியதைக் கண்டுபிடித்து உன் அம்மாவே இரண்டையும் வெள்ளையாக மாற்றியிருக்கலாம். அப்படியானால் மரத்தடியில் இருக்கிறதே, அதிலும் வெள்ளைதான் இருக்கும். இது மனுஷர் வேலை என்று தெரிந்துவிடும், நீ பயப்பட வேண்டாம். மாறாக அதில் சிவப்பு இருந்தால்...

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அதே ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

பூசாரி கொட்டகைக்கு வெளியே தாழ்வாரத்தில் படுத்திருந்தார். அந்தப் பெண் யார், எந்த ஊர் என்று கேட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“உங்க கூட வந்தவங்கதானேம்மா? ஆட்டோலருந்து எறங்கினாங்களே.”

கண்ணில் புரை உள்ளவர், அவருக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் முதலில் எடுத்தேன். கனமே இல்லை. பிறகு அவளிடம் கொடுத்தேன். நாரின் முடிச்சில் விரலை வைத்துவிட்டாள். பிரி என்றேன். சாமி குத்தம் வந்தால் என் தலையில் விடியட்டும், பிரி என்றேன்.

அவள் விரல் அப்படியே நின்றது.

“அக்கா, வெள்ளையா இருந்தா அம்மா ஏமாத்திட்டாங்கன்னு போவ மாட்டேன். சிவப்பா இருந்தா அம்மன் சொல்லிடுச்சுன்னு போவேன். அப்ப இப்பவும் நான் எதுவும் சொல்லப் போறதில்ல, இல்லையா?”

இத்தனை வருஷம் வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு யோசனை சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவள்... இன்னொரு முறை பிரி என்று சொல்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அம்மனுக்கு நேராகப் போய் நின்றாள். கும்பிடவில்லை. மேலதிகாரியிடம் லீவு சொல்வது போல, சாதாரணக் குரலில் சொன்னாள்.

“நான் போவலை. எனக்கு இஷ்டமில்ல. அவ்ளோதான்.”

ஒரு பல்லி சத்தம் கேட்கும், இலை ஒன்று விழும், மணி அசையும் என்று நான் காத்திருந்தேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஏதாவது நடந்திருந்தால்கூட எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது. கேட்பதற்கு ஆள் இருக்கிறதா, இல்லையா என்றே தெரியாத இடத்தில் ஒருத்தி தன் வாழ்க்கையைப் பற்றித் தானே பேசுகிறாள்.

நாம் எல்லாரும் சுதந்திரம் வேண்டும் என்கிறோம். ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டை மூடி வைத்துவிட்டு “நீ என்ன சொல்றியோ அதே எனக்கும்” என்கிறோம். ராகுகாலம் பார்க்கிறோம், ஜோசியரைப் பார்க்கிறோம், அதில் நம்பிக்கை இல்லாதவர்கள் செல்போனில் எத்தனை ஸ்டார் போட்டிருக்கிறது என்று பார்க்கிறோம். பிடித்ததைச் செய்ய நமக்குத் தடை இல்லை. ‘இது நான் எடுத்த முடிவு’ என்று சொல்லத்தான் நாக்கு எழவில்லை. பிசகிவிட்டால் யார் மேல் பழி போடுவது?

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அம்மன் வாக்கை மீறுகிறாயா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் பாவம், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சித்தி அடுப்படியில் இருந்தார். தேன்மொழி போய் அவர் முன்னால் உட்கார்ந்து, பொட்டலத்தை மாற்றியதைச் சொன்னாள். திட்டு விழும் என்று நான் எதிர்பார்த்தேன். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியும். கெளம்பறதுக்கு முன்ன நான் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் சிவப்பு.”

“நீ ஏம்மா பிரிச்சே?”

“நானும் ரெண்டுலயும் சிவப்பு வெச்சிடலாம்னுதான் போனேன். பாத்தா நீயே வெச்சிருந்தே. சந்தோஷமா திரும்பக் கட்டி எடுத்தாந்தேன்.”

அப்படியானால் ஒரு வருஷமாக ஏன் போ போ என்று விரட்டினாய் என்று தேன்மொழி கேட்டாள்.

“ஊர் சொன்னதை நான் சொன்னேன். நீ மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுவேனு பாத்துக்கினே இருந்தேன்.”

இரண்டு பேரும் அழுதார்கள். நானும்தான். இதில் எனக்கென்ன வெட்கம்?

பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. சித்தி பிரித்துப் பார்த்தபோது இரண்டும் சிவப்பு. அதற்குப் பிறகு தட்டு அவர் மடியை விட்டு இறங்கியதே கோயில் கல்லின் மேல்தான். அங்கே எங்கள் எல்லார் கண் முன்னாலும் இருந்தது. அதுவரை பூசாரியின் கை தட்டின் விளிம்பைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அந்தப் பெண் எடுத்தாள், வைத்தாள். பிறகு எந்த வழியாகப் போனாள்? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், போனதை நான் பார்க்கவே இல்லை.

ஒன்று மட்டும் சொல்வேன். சிவப்பு வந்திருந்தால் தேன்மொழி அம்மா வீட்டிலேயே இருந்திருப்பாள். ஆனால் அம்மன் இருக்கச் சொன்னதால் இருந்திருப்பாள். நாளைக்கு இன்னொரு பெரியப்பா வந்து இன்னொரு முறை பூ கட்டிப் பார்க்கலாம் என்றால், மறுபடி தலையாட்டியிருப்பாள். அம்மாவும் மகளும் ஒரே ஆசையை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு, கடைசி வரை வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். வெள்ளை வந்ததால்தான் திறந்தார்கள்.

அந்த வெள்ளையை வைத்தது யாராக இருந்தாலும், அவருக்கு நம்மைப் பற்றி ரொம்ப நன்றாகத் தெரிந்திருக்கிறது... என் பயமே அதுதான்.