எங்கள் புல்வெளிக்குச் சாட்சி சொன்ன வீடியோ

எங்கள் தெருக்கோடியில் இருந்த புல்வெளியை விற்கப்போவதாக விளக்குக் கம்பத்தில் கவுன்சில் ஓர் அறிவித்தல் கட்டியிருந்தது. ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாமாம். எப்போதோ வீதியை அகலமாக்க வாங்கி, அப்படியே விட்ட நிலம் அது. நாங்கள் பாரிஸிலிருந்து லண்டன் இல்ஃபோர்டுக்கு வந்த நாள் முதல் எங்கள் பிள்ளைகள் அதில்தான் உருண்டு புரண்டார்கள்.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். சென்னையிலிருந்து வந்தவள், கணினி வேலை.

"அக்கா, சட்டத்துல ஒரு வழி இருக்கு. அக்கம்பக்கத்து ஜனங்க இருபது வருஷம் யார்கிட்டயும் கேக்காம ஒரு இடத்துல விளையாடியிருந்தா, அதை டவுன் கிரீன்னு பதிவு பண்ணலாம். அப்புறம் நிலம் யார் கைக்குப் போனாலும் கட்டடம் கட்ட முடியாது."

"நாங்கள் வந்தே இருபத்திரண்டு வருசம். ஆனா அதை எப்பிடிக் காட்டுறது?"

"அதுதான்க்கா பிரச்சினை. நான் வந்து நாலு வருஷம்தானே ஆச்சு."

என் கணவர் மேலே போனார். இறங்கி வந்தபோது கையில் ஒரு பெட்டி நிறைய வீடியோ நாடாக்கள். கமெராவும் கையுமாகத் திரிந்த மனிதர் அவர். வீட்டுக்கு வருகிறவர்களை இருத்திப் போட்டுக் காட்டுவார். அவர்கள் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிவிடுவார்கள். அந்தப் பெட்டியைக் குப்பையில் போட நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

"பாத்தீரே?" என்றார். "ஒவ்வொண்டிலும் மூலையில திகதி இருக்கு."

ஒரு மாதம் தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. ருமேனியக் குடும்பம், பஞ்சாபிக் குடும்பம், எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தம்பதி என்று எல்லோரும் அந்த நாடாக்களில் தங்களைத் தேடிப் பிடித்தார்கள். யாரும் எழும்பிப் போகவில்லை.

பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தோம்; கவுன்சில் எதிர்த்தது. விசாரணையை நடத்த வெளியிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். நூலக மண்டபத்தில் திரை கட்டி வீடியோவைப் போட்டோம். பனியில் சறுக்கும் பிள்ளைகள், பட்டம் விடுகிறவர்கள், அதற்குப் பிறகு நான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பந்தை அடித்துவிட்டு, கிரிக்கெட் துடுப்பும் கையுமாக ஓடுகிறேன்.

"விளையாட யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா?" என்று கவுன்சில் பக்கத்து வக்கீல் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. அப்படிக் கேட்கவேண்டும் என்று ஒருவரும் நினைத்ததேயில்லை," என்றேன்.

விசாரணை நடத்தியவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "நீங்கள் அந்தப் பந்தில் அவுட்டா?"

"இல்லை!"

பின்வரிசையிலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "சும்மா சொல்லாதையும். அவுட்தான்!"

பக்கத்து வீட்டுக்காரி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மண்டபமே சிரித்தது. கவுன்சில் வக்கீலும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

முடிவு கோடையில் வந்தது. நான் மருந்துக்கடையில் ஷிப்டில் நின்றேன்.

"அக்கா, பதிவு பண்ணிட்டாங்க!" போனில் பக்கத்து வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்கியது.

விற்கும் யோசனையைக் கவுன்சில் கைவிட்டது. நிலம் இன்றும் அவர்களுடையதுதான். புல் வெட்ட அவர்களுடைய ஆட்களே வருகிறார்கள். ஆனால் அதில் விளையாடும் உரிமை எங்களுடையது, எழுத்தில்.

அன்று வேலையுடுப்போடு நேரே புல்வெளிக்குப் போனேன். தெரு முழுவதும் அங்கே இருந்தது. ருமேனியப் பெண் பெரிய கேக் ஒன்றைத் தட்டோடு கொண்டுவந்தாள். மழை தூறத் தொடங்கியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.